மணக்கடவில் தண்ணீரின் அளவைப் பார்க்கிறோம், தண்ணீரைப் பார்க்கிறோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆளியாற்றிலிருந்து கேரளத்துக்கு வரும் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கோடை வந்தால் தங்கள் நாளிதழில் செய்தி வரும். எத்தனை கனஅடி திறந்தார்கள், எத்தனை பாக்கி, எந்தப் பக்கத்து விவசாயிகள் மறியல் செய்தார்கள், எந்த மந்திரி என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். இத்தனை வருஷத்தில் அந்தச் செய்திகளில் நான் பார்க்காத ஒரு கேள்வியைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வந்து சேருகிற தண்ணீர் எப்படி இருக்கிறது?

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தவன். எங்கள் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். அம்மா பிறந்தது ஆனைமலை. அக்காவைக் கட்டிக் கொடுத்தது பொள்ளாச்சிப் பக்கம். நல்லது கெட்டதுக்குச் செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் வருவதுதான் எங்கள் வாழ்க்கை. சித்தூர்ப் புழையிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஒரு சின்னக் குடிநீர்த் திட்டத்தில் 26 வருஷம் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் அந்த ஆற்றுத் தண்ணீரைத் தினமும் விடியற்காலையில் முதலில் முகர்ந்து பார்த்தவன், நிறம் பார்த்தவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த ஆற்றுக்கு ஊருக்கு ஒரு பெயர். ஆனைமலையிலும் அம்பராம்பாளையத்திலும் ஆளியாறு. எல்லையோரத்து மணக்கடவு அணைக்கட்டைத் தாண்டி, கேரளத்து மூலத்தறைக்கு வந்துவிட்டால் எங்களுக்குச் சித்தூர்ப் புழை. இன்னும் மேற்கே கண்ணாடிப் புழை. பறளியில் கல்பாத்திப் புழையோடு கலந்த பிறகு பாரதப்புழை. பொன்னானியில் கடல். சித்தூரில் மட்டும் இதற்குச் சோகநாசினி என்று இன்னொரு பெயர் உண்டு. மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் அங்கே மடம் அமைத்துத் தங்கினார், அவர் வைத்த பெயர் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூழ்கி எழுந்தால் துக்கம் கரையும் என்று பெயர் வாங்கிய ஆறு. போன கோடையில் கடவில் இறங்கி விளையாடிவிட்டு வந்த என் பேத்திக்குக் கையெல்லாம் தடித்து, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டே கிடந்தாள். நான் நீந்தக் கற்றுக்கொண்ட கடவு அது. எனக்கு வயிறு எரிகிறது.

ஒரே ஒரு நாளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். 2016-ல் மழை பொய்த்து, 2017 கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. மார்ச் மாதம் ஒரு நாள், விடியற்காலை நாலரைக்கு வழக்கம்போல் மோட்டாரைப் போட்டேன். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் எப்போதும் போலத்தான் இருந்தது. வாசனை வேறு. ஊறப் போட்ட தேங்காய் மட்டையை வாரக்கணக்கில் அப்படியே விட்டால் ஒரு புளித்த நாற்றம் வருமே, அது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டன் சாயா நிறம், பால் விடாத டீ மாதிரி. ஓரத்தில் நுரை, சோப்பு நுரை மாதிரி உடையாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது.

உடனே ஜார் டெஸ்ட் போட்டேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு கண்ணாடி ஜாரில் ஒவ்வொரு லிட்டர் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, படிகாரக் கரைசலை முதல் ஜாரில் கொஞ்சம், அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று விட்டுக் கலக்கி வைக்க வேண்டும். அழுக்கெல்லாம் பஞ்சு மாதிரி திரண்டு அடியில் உட்காரும். எந்த ஜாரில் குறைந்த படிகாரத்தில் நன்றாகத் தெளிகிறதோ அந்தக் கணக்கைத் தொட்டிக்குப் போடுவோம். மழைக்காலத்துச் செம்மண் கலங்கல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் ஏதாவது ஒரு ஜார் தெளிந்துவிடும். அன்று ஆறாவது ஜாரிலும் தூசி படிந்தது, நிறம் போகவில்லை. மண் கலங்கிய தண்ணீர் வேறு, சாயம் இறங்கிய தண்ணீர் வேறு. மேலும் படிகாரத்தைக் கூட்டினால் தண்ணீர் புளித்துப் போகும், அதைச் சரிக்கட்டச் சுண்ணாம்பு போட வேண்டும். கையில் இருந்த சுண்ணாம்பு இரண்டு நாளைக்குக்கூட வராது.

அதற்குப் பிறகு குளோரின். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்தாலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. ப்ளீச்சிங் பவுடரை எப்போதும் போடுவதைவிட இரண்டு மடங்கு போட்டும், இப்படி மட்டைச் சாறு கலந்த தண்ணீர் அத்தனையையும் தின்றுவிடும். மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து இரண்டு சொட்டு விடுவோம். மஞ்சள் வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். அன்று குப்பியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் தெரிகிறது. அது மருந்தின் மஞ்சளா, தண்ணீரின் சொந்த நிறமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 26 வருஷ வேலையில் அந்தக் குப்பியைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மேலதிகாரிக்குத் தகவல் சொல்லிவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். ஊர்க்காரர்கள் ஒரு நாள் தாங்கினார்கள். மறுநாள் பத்து மணிக்குப் பம்ப் ஹவுஸ் வாசலில் குடங்களோடு பெண்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தங்கச்சி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணா, கறுப்புத் தண்ணியா இருந்தாலும் பரவால்ல, தொறந்து விடுங்க. ஏனம் கழுவவாவது ஆகும். மாட்டுக்குக் காட்டினா அது குடிச்சா குடிக்கட்டும்." ஆட்டோவில் மைக் கட்டிக் குடிக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டுத் திறந்து விட்டோம். எத்தனை வீட்டில் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. குடிக்காமல் என்ன செய்திருப்பார்கள்?

இதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு அமைந்தது. எந்த அரசாங்கமும் செய்த ஏற்பாடு இல்லை. பொள்ளாச்சியில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் நானும் இன்னொருவரும் ஒரே நாளில் எரிந்துபோன மோட்டாரோடு உட்கார்ந்திருந்தோம். பேச்சுக் கொடுத்தால் அவரும் பம்ப் ஆபரேட்டர், ஆற்றில் எனக்கு மேலே, தமிழ்நாட்டுப் பக்கம். என்னைவிடச் சில வயது சின்னவர். டீ குடித்தோம், போன் நம்பர் மாற்றிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன். "அண்ணா, தண்ணி நல்லால்லீங்க. மேல எங்கயோ தொட்டியைத் தொறந்து உட்டுருக்காங்க போல. பொழுது சாயறதுக்குள்ள உங்களுக்கு வந்துருமுங்க." நான் உடனே மேல்நிலைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கறுப்புத் தண்ணீர் வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு, இருப்பு வைத்த தண்ணீரை இரண்டு நாளைக்குப் பங்கு போட்டு விட்டோம். ஒரு வீட்டிலும் கறுப்புத் தண்ணீர் போகவில்லை. அதிலிருந்து நான் ஓய்வு பெறும் வரை அந்தத் தம்பியின் போன்தான் எங்கள் ஊரைக் காப்பாற்றியது. தன் மேலதிகாரிக்குத் தெரியாமல், தன் சொந்தக் காசில் போட்ட போன்.

இப்போது மணக்கடவுக்கு வருகிறேன். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதல் அமலுக்கு வந்ததாகக் கணக்கு. அதன்படி ஜூலை முதல் ஜூன் வரை ஒரு வருஷத்தில் 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு வர வேண்டும். அதற்காகவே அங்கே அணைக்கட்டு இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, இரண்டு மாநில அலுவலர்களும் அளவு பார்க்கிறார்கள், கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் கூடி அடுத்த இரண்டு வாரத்துக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறது. இத்தனை வருஷச் சண்டைக்கு நடுவிலும் இந்த ஏற்பாடு அறுந்து போகவில்லை. அதை நான் மதிக்கிறேன். எங்கள் நெல்லும் தென்னையும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

ஆனால் அந்த அளவுகோலுக்குத் தண்ணீர் என்றால் உயரம் மட்டும்தான். கட்டன் சாயா நிறத்தில் வந்தாலும் அது கனஅடிதான். சாக்கடை நாற்றத்தோடு வந்தாலும் 7.25-ல் வரவு வைத்துவிடுவார்கள். பங்கு எவ்வளவு என்பதில் காட்டும் கவனத்தில் கால்வாசியைக்கூட, அந்தப் பங்கு எந்த நிலையில் வர வேண்டும் என்பதில் நாம் காட்டவில்லை. கடைக்காரர் படி அரிசியைச் சரியாகத் தலைதட்டி அளந்து கொடுக்கிறார், அரிசியில் பாதி புழு. அளவு சரிதானே என்று வாங்கிக்கொண்டு போவோமா?

காரணம் யார் என்று கேட்டால் கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ஒரு பதில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பதில். இங்கே "தமிழ்நாட்டுக்காரன் சாக்கடையை அனுப்புறான்" என்பார்கள். அங்கே "கேரளாக்காரன் குப்பையை லாரியில கொண்டுவந்து நம்ம தோட்டத்துல கொட்டறான்" என்பார்கள். இரண்டு பக்கமும் உறவு இருக்கிற என்னைப் போன்றவர்கள் இரண்டையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முதலில் மேலே நடப்பதைச் சொல்கிறேன். ஆற்றங்கரை ஊர்களின் வீட்டுச் சாக்கடை பல இடங்களில் அப்படியே ஆற்றில் விழுகிறது. அதன் சத்தைத் தின்றுதான் ஆகாயத்தாமரை இந்த அளவுக்கு மண்டுகிறது. வெள்ளம் வந்தால் அது பாய் பாயாகப் பெயர்ந்து வந்து எங்கள் மதகுகளில் அடைக்கிறது. அதைவிடப் பெரியது மஞ்சி மில், அதாவது தேங்காய் நார் மில்களின் தண்ணீர். மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் தூள் முன்பெல்லாம் ரோட்டோரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும், சும்மா எடுத்துக்கொண்டு போ என்பார்கள். இன்று அதை அழுத்திக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வளர்க்கிறார்கள். அதற்கு முன் தூளில் இருக்கும் உப்பு போக வேண்டும். நல்ல தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலசுவார்கள். அந்த அலசல் தண்ணீர்தான் துவர்ப்பும் உப்புமாகக் கறுத்து, ஓடைக்கும் நிலத்தடிக்கும் இறங்குகிறது. கிணறுகளில் தண்ணீர் பழுப்பாக வருகிறது என்று தமிழ்நாட்டு விவசாயிகளே எத்தனையோ முறை மனுக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் அடி வாங்குபவர்கள் அவர்கள்.

மில்களை மூடு என்று நான் சொல்லவில்லை. என் அக்கா மகன் அப்படியொரு மில்லில்தான் ஏழு வருஷம் வேலை பார்த்துத் தன் தங்கைக்குக் கல்யாணம் செய்தான். மழையில்லாத காலத்தில் அந்தக் கூலியில்தான் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிகிறது. 2021-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து, மாசு தரும் தொழில்களுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது மில்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சின்ன மில்லுக்குத் தனியாகச் சுத்திகரிப்பு வைக்க முதலீடு கிடையாது என்பது நியாயமான கவலைதான். அதற்கு வழி, பத்திருபது மில்லுக்குச் சேர்த்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு, அடியில் விரிப்புப் போட்ட தொட்டி, அலசின தண்ணீரையே திரும்ப எடுத்து முதல் அலசலுக்குப் பயன்படுத்துவது. அரசாங்கம் கடன் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், கொடுத்த பிறகும் ராத்திரியில் வால்வைத் திறக்கிறவர்களை விடக்கூடாது. நொய்யல் ஆற்றில் என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் ஊர் ஊராக நாசமான பிறகு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், வேலையும் பிழைத்திருக்கும். பொள்ளாச்சி மஞ்சிக்கு அந்தக் கதி வரக்கூடாது.

அடுத்தது எங்கள் பக்கம். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். சித்தூர்ப் புழையின் எந்தப் பாலத்தில் வேண்டுமானாலும் காலையில் நின்று எட்டிப் பாருங்கள். கோழிக் கழிவு கட்டிய சாக்குமூட்டை தூணில் சிக்கிக் கிடக்கும். ராத்திரியில் ஓடும் வண்டியிலிருந்து வீசிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊர்களின் ஓடை நீரும் இதே ஆற்றில்தான் இறங்குகிறது. மணலை அள்ளி அள்ளி ஆற்றின் வயிற்றைக் குடைந்தது எங்கள் ஆட்கள். 2001-ல் கேரளத்தில் ஆற்றங்கரையையும் மணலையும் காக்கச் சட்டம் வந்தது, அதற்குள் எத்தனையோ கடவில் பாறை தெரிந்துவிட்டது. மணல் இருந்தால்தானே அது தண்ணீரை வடிகட்டும், பிடித்து வைக்கும்? 2024 டிசம்பரில் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைத் திருநெல்வேலிப் பக்கம் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, திரும்ப லாரியில் அள்ளிக்கொண்டு போன செய்தியைத் தங்கள் நாளிதழில்தான் படித்தேன். கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியிலும் அப்படிப்பட்ட லாரிகள் போயிருக்கின்றன என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதைச் செய்துவிட்டு மேல்பக்கத்தைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா நடக்கும். கொங்கு நாட்டிலிருந்து வந்த படையைத் தேவி விரட்டியதாக ஐதீகம். குதிரை, பந்தம், கூச்சல் என்று ஊரே திரளும். கொங்கிலிருந்து பெண் எடுத்த வீட்டுக்காரர்களும், பொள்ளாச்சியிலிருந்து வந்த மச்சான்மார்களும் அதே கூட்டத்தில் நின்று பார்ப்போம், ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பகை கதையாகிப் பல தலைமுறை ஆயிற்று. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அதை ஏன் புதுப்பிக்க வேண்டும்?

இன்னொரு விஷயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் நாட்டில் 351 ஆற்றுப் பகுதிகள் கெட்டுப் போனவை என்று பட்டியல் போட்டது. உயிர்வளித் தேவை என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் இருக்கும் அழுக்கைச் சிதைக்க எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்பது. அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் பட்டியலில் சேரும். கேரளத்தில் 21 பகுதிகள், அதில் பாரதப்புழையின் பட்டாம்பிப் பகுதியும் ஒன்று. தமிழ்நாட்டில் 6 ஆறுகள். அந்த ஆறில் ஆளியாறு இல்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி ஒவ்வொரு மாநிலமும் ஆற்று மீட்புக் குழு அமைத்துத் திட்டம் எழுதின. கேரளக் குழு கேரளத்தில் ஓடும் ஆற்றுக்கு எழுதியது, தமிழ்நாட்டுக் குழு தன் பட்டியலில் உள்ள ஆறுகளுக்கு எழுதியது. ஆனைமலையிலிருந்து பொன்னானி வரை ஒரே தண்ணீராக ஓடும் ஆற்றை முழுசாகப் பார்த்து எழுதிய ஒரு திட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதற்குச் சட்டத்தில் இடமில்லையா என்றால், இருக்கிறது. 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்திலேயே இரண்டு மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டு வாரியம் அமைக்கலாம் என்று பிரிவு உண்டு. மாநில வாரியங்களுக்குள் தகராறு வந்தால் மத்திய வாரியம் தீர்த்து வைக்க வேண்டும் என்றும் உண்டு. என் மருமகன் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, அவர் எடுத்துக் காட்டித்தான் எனக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் இரண்டு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து பேசி, பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யக் குழு அமைப்பதென்று முடிவெடுத்தார்கள். அந்தப் பேச்சு மறுபடி நடக்கும்போது எத்தனை டி.எம்.சி. என்பதற்குப் பக்கத்திலேயே, எப்படிப்பட்ட தண்ணீர் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அதைத்தான் நான் கேட்கிறேன்.

அந்த வரி வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மணக்கடவில் அளவுகோல் இருக்கிற இடத்திலேயே தண்ணீரின் தரத்தைத் தானாகப் பார்க்கும் கருவி ஒன்று வைக்கலாம். கரைந்த பிராணவாயு, உப்பின் அளவு, புளிப்பு, கலங்கல் இவை நாலும் தெரிந்தால் போதும், கறுப்புத் தண்ணீர் வருகிற மணி நேரத்தையே பிடித்துவிடலாம். மாதம் ஒரு முறை இரண்டு பக்க அலுவலர்களும் ஒன்றாக நின்று ஒரே பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஆளுக்குப் பாதியாக எடுத்துப் போய்த் தத்தம் ஆய்வுக்கூடத்தில் பார்க்கட்டும். ஒருவர் கணக்கை இன்னொருவர் நம்பவில்லை என்ற பேச்சே வராது. வந்த கணக்கை மணக்கடவிலும் மூலத்தறையிலும் கரும்பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போடட்டும். குடிக்கலாம், குளிக்கலாம், மாட்டுக்கு மட்டும் ஆகும் என்று சனங்களுக்குப் புரிகிற வார்த்தையில். கூடவே, மேலேயும் கீழேயும் இதே ஆற்றில் தண்ணீர் எடுக்கும் எல்லாக் குடிநீர்த் திட்ட ஆபரேட்டர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. தண்ணீர் கெட்டால் பத்து நிமிஷத்தில் பொன்னானி வரை தெரிய வேண்டும். இதற்கு மந்திரிசபை கூட வேண்டுமா? ஒரு இன்ஜினீயர் மனசு வைத்தால் நாளைக்குக் காலையில் நடக்கும்.

எங்கள் தாலுகாவிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே ஒரு குளிர்பான ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று முதலில் சொன்னது ஆய்வுக்கூடம் இல்லை, தண்ணீர் இறைத்த ஆதிவாசிப் பெண்கள். அரிசி வேகவில்லை, சோறு ருசி மாறுகிறது, உடம்பு அரிக்கிறது என்றார்கள். 2002-ல் அவர்களில் ஒருவரான மயிலம்மாவும் மற்றவர்களும் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004-ல் ஆலை நின்றது. 2010-ல் ஒரு உயர்மட்டக் குழு, நஷ்டம் 216 கோடி ரூபாய் என்றது. நஷ்டஈடு வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் கேரளச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பி வந்தது. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார். தண்ணீர் கெட்ட பிறகு கணக்குப் பார்த்தால் எத்தனை வருஷம் ஓடுகிறது என்பதை நாங்கள் பக்கத்து வீட்டில் நின்று பார்த்தவர்கள். அதனால்தான் கெடுகிற அன்றைக்கே, கெடுகிற இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழுக்கு இரண்டு பக்கமும் நிருபர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை மணக்கடவில் எத்தனை கனஅடி என்று கேட்கப் போகும்போது, ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். தண்ணீரைப் பிடித்து, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துச் செய்தியோடு போடுங்கள். கனஅடியும் படமும் ஒன்றாக வந்தால் இரண்டு தலைநகரத்திலும் பார்ப்பார்கள். கறுப்புத் தண்ணீர் வந்த நாள், நேரம், நான் போட்ட படிகாரம், குளோரின் எல்லாம் சிவப்பு மையில் எழுதிய மூன்று நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெறும்போது குப்பையில் போகட்டும் என்று விட மனசு வராமல் நகல் எடுத்து வைத்தேன். எந்த மாநிலத்து அதிகாரி கேட்டாலும் கொடுக்கிறேன்.

போன வாரம் அந்தத் தம்பி போன் செய்தார். நான் வேலையில் இல்லாவிட்டாலும் பழக்கத்தில் எனக்குச் சொல்வார், நான் இப்போது இருக்கிற பையனிடம் ஓடிப் போய்ச் சொல்வேன். "அண்ணா, வர்ற மே மாசத்தோட நானும் ரிட்டையருங்க" என்றார். அவருக்குப் பிறகு வருகிறவருக்கு எங்கள் பையனின் நம்பர் தெரியாது. எங்கள் பையனுக்கு அவர் பெயரே தெரியாது. மே மாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.